ஏலகிரியில மல்லாக்கப் படுத்துப் பார்த்த கிரகணம்

செப்டம்பர் 7, 2025 ஞாயித்துக்கிழமை ராத்திரி முழு சந்திர கிரகணம்னு தெரிஞ்சதுமே ஏலகிரி போகலாம்னு சொல்லிட்டேன். வீட்ல யாரும் வாயத் திறக்கல. அப்ப நான் வாக்கர் புடிச்சு ஹால்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் நடக்குற நிலைமை, அதுக்கே நடுவுல ஒரு தடவை நிக்கணும். அம்மா மட்டும் கொஞ்ச நேரம் கழிச்சு, "உடம்பு முடியாதவன் கிரகணத்துல வெளிய வரக்கூடாதுடா"ன்னாங்க.

எனக்கு வந்தது கில்லன் பாரே சிண்ட்ரோம், சுருக்கமா ஜிபிஎஸ். ஜனவரியில புனேல நிறைய பேருக்கு வந்துச்சுன்னு நியூஸ்ல ஓடுச்சே அதே தான். நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே நம்ம நரம்ப தாக்க ஆரம்பிச்சிடும், வயர் மேல இருக்குற பிளாஸ்டிக் உறை உரிஞ்சா கரண்ட் எப்படி ஒழுங்கா போகாதோ அப்படி. ஏப்ரல்ல எனக்கு வயித்துப்போக்கு வந்து நாலு நாள்ல சரியாயிடுச்சு, பத்து நாள் கழிச்சு ரெண்டு பாதத்துலயும் எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு, மறுநாள் காலையில செருப்பு கால்ல நிக்கல, நடக்க நடக்க கழண்டு விழுது, சாயங்காலம் மாடிப்படி ஏற முடியல, மூணாம் நாள் கை, அஞ்சாம் நாள் மூச்சு. 26 நாள் ஐசியூ, அதுல 19 நாள் வென்டிலேட்டர். அஞ்சு நாள் இம்யூனோகுளோபுலின்னு ஒரு மருந்து ஏத்துனாங்க. அது ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த பிளாஸ்மாவுல இருந்து பிரிச்சு எடுக்குறதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுகிட்டேன். யார் யார்னு தெரியாது, அவங்க எல்லாரும் நல்லா இருக்கணும்.

இந்த நோய்ல மூளைக்கு ஒண்ணும் ஆகாது, எல்லாம் தெளிவா தெரியும், ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது அவ்ளோதான். முகமும் செத்துப்போனதால கண்ணு மூடாது, ராத்திரி ஆனா நர்ஸ் சிஸ்டர் ஆயின்ட்மென்ட் போட்டு டேப் ஒட்டி மூடி விடுவாங்க, காலையில பிரிப்பாங்க. பகல் முழுக்க நான் பாத்தது சீலிங் மட்டும்தான். வெள்ளை சதுர அட்டை, அதுல பொடிப்பொடியா ஓட்டை, என் தலைக்கு நேர் மேல இருந்த அட்டையோட மூலையில டீ கொட்டுன மாதிரி ஒரு தண்ணிக்கறை. அந்தக் கறையோட ஓரம் எங்க வளையுது எங்க நெளியுதுன்னு இப்ப கேட்டாலும் வரைஞ்சு காட்டுவேன். வீட்டுக்கு வந்த பிறகு மல்லாக்கப் படுக்கவே மாட்டேன்னுட்டேன், ஒருக்களிச்சுதான், திரும்ப முடியலன்னா பொண்டாட்டியை எழுப்பி திருப்பி விடச் சொல்லுவேன்.

அம்மா தினமும் விசிட்டிங் டைம்ல வந்து என் கால் கட்டை விரலைப் புடிச்சு அழுத்தி "தெரியுதாடா?"ன்னு கேப்பாங்க. கண்ணை மேல தூக்குனா ஆமா, பக்கவாட்டுல ஆட்டுனா இல்ல. நான் தினமும் பக்கவாட்டுலயே ஆட்டிட்டு இருந்தேன்.

சரி பயணத்துக்கு வர்றேன். மச்சான் கார் ஓட்ட, பொண்டாட்டி, பொண்ணு, அம்மா எல்லாரும் சனிக்கிழமை காலையில சென்னையில இருந்து கிளம்புனோம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, நாலு மணி நேரத்துல போற தூரம்தான், நான் இருந்ததால ஆறரை மணி நேரம் ஆச்சு. பொன்னேரி கிட்ட மலை ஏற ஆரம்பிச்சா 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் புலவர்கள் பேரும் கடையேழு வள்ளல்கள் பேரும் வச்சிருப்பாங்க. பொண்ணு ஜன்னல்ல இருந்து கம்பர், கபிலர், பாரி, காரின்னு கத்தி கத்தி படிச்சிட்டு வந்தா. எனக்கு வயித்துலயும் இடுப்புலயும் இன்னும் பலம் இல்ல, வண்டி எந்தப் பக்கம் திரும்புதோ அதுக்கு எதிர்ப் பக்கம் மூட்டை மாதிரி சாஞ்சிடுவேன். பாரி வளைவுல அம்மா மேல சாஞ்சேன், காரி வளைவுல பொண்ணு மேல.

ஞாயித்துக்கிழமை அம்மா சாயங்காலமே பால் மேல, இட்லி மாவு மேல எல்லாம் ஊர்ல இருந்து கொண்டு வந்த தர்ப்பையைக் கிள்ளிப் போட்டாச்சு. எட்டரைக்குள்ள எல்லாருக்கும் சாப்பாடு, எனக்கு நரம்பு வலி மாத்திரை. தான் வெளிய வர மாட்டேன்னு ரூம்ல விளக்கேத்தி உக்காந்துட்டாங்க.

ஏலகிரி ஆயிரம் மீட்டருக்கு மேல, செப்டம்பர்லயே ராத்திரி குளிரும். 9.57க்கு நிழல் ஏற ஆரம்பிச்சப்ப சேர்ல உக்காந்துதான் பாத்தேன், ஆனா நிலா மேல ஏற ஏற கழுத்து நிக்கல, தலை தானா முன்னாடி தொங்குது. காட்டேஜ் வாட்ச்மேன் அண்ணன் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம தன்னோட கயித்துக் கட்டிலைத் தூக்கிட்டு வந்து போட்டாரு. ஒரு நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துருச்சு. அப்புறம் மச்சான் கால் பக்கம் தூக்க, பொண்டாட்டி தோள் பக்கம் புடிக்க, மல்லாக்கப் படுத்தேன். அஞ்சு மாசத்துல நானா சம்மதிச்சு மல்லாக்கப் படுத்தது அன்னிக்குத்தான்.

மேகம் வந்து வந்து போச்சு. 11 மணிக்கு கடைசி வெள்ளைத் துணுக்கும் மறைஞ்சதும் அதுவரைக்கும் நிலா வெளிச்சத்துல தெரியாம இருந்த நட்சத்திரம் எல்லாம் வந்துருச்சு, கிழக்கால கொஞ்சம் தள்ளி சனி. பைனாகுலரை என்னால தூக்க முடியாது, பொண்ணுதான் என் கண்ணு மேல புடிச்சிட்டு நின்னா, அவ கை நடுங்க நிலாவும் நடுங்குச்சு. ஒரே சிவப்புன்னு நினைக்காதீங்க, மேல் பக்கம் கருஞ்சிவப்பு, கீழ் பக்கம் புளி போட்டுத் தேய்ச்சு பாதியில விட்ட செப்புக் குடம் மாதிரி. நிழலோட நடுவுல இருந்து கீழ் பக்கம் தள்ளி இருந்ததால அந்த வெளுப்பு. பூமியைச் சுத்தி இருக்குற காத்துல நீலம் எல்லாம் சிதறிப் போயி மிச்ச சிவப்பு மட்டும் வளைஞ்சு நிலா மேல விழுது, அதாவது அந்த நேரத்துல பூமியில எங்கெல்லாம் விடியுதோ எங்கெல்லாம் பொழுது சாயுதோ அத்தனை வெளிச்சமும் சேர்ந்து அங்க போய் விழுது. இதைப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு இருந்தேன், பேசப் பேச மூச்சு வாங்குச்சு, ஆனா நிறுத்த மனசு வரல.

"அத்தை, ஒரு தடவை வந்து பாருங்க"ன்னு பொண்டாட்டி கூப்புட்டுகிட்டே இருந்தா. பதினொன்னே முக்காலுக்கு கதவு திறந்துச்சு. அம்மா வாசப்படியில நின்னு தலையை மட்டும் நீட்டி, "அடியாத்தீ, இப்படியா செவந்து கெடக்கு"ன்னாங்க. அப்புறம் உள்ள போகவே இல்ல. வந்து என் கட்டில்ல கால்மாட்டுல உக்காந்துட்டாங்க.

முழு மறைப்பு 82 நிமிஷம். 12.22க்கு இடது ஓரத்துல, கிழக்குப் பக்கம், ஊசி முனை அளவுக்கு வெள்ளை வந்துச்சு. நிலாவுல எந்தப் பக்கம் முதல்ல நிழலுக்குள்ள போச்சோ அந்தப் பக்கம்தான் முதல்ல வெளிய வருது. எனக்கு அப்படி இல்ல, கடைசியா போன மூச்சு முதல்ல வந்துச்சு, அப்புறம் முகம், கை, இடுப்பு, முதல்ல போன பாதம்தான் இன்னும் வரல. பிசியோதெரபி தம்பியும் அதைத்தான் சொல்லுவாரு, பாதம் கடைசியாத்தான் வரும் சார், பொறுமையா இருங்கன்னு.

"தெரியுதாடா?"ன்னாங்க அம்மா.

"தெரியுதும்மா, இடது பக்கம் வெளிச்சம் வந்துருச்சு பாரு."

"நிலாவக் கேக்கலடா."

தலையைத் தூக்கிப் பாத்தா கம்பளிக்குள்ள கையை விட்டு என் கட்டை விரலைப் புடிச்சிட்டு இருக்காங்க. எப்ப இருந்து புடிச்சிருக்காங்கன்னே எனக்குத் தெரியல.

"நல்லா அழுத்தும்மா"ன்னேன். அழுத்துனாங்க. எங்கயோ ரெண்டு தெரு தள்ளி யாரோ கதவு தட்டுற மாதிரி இருந்துச்சு. "கொஞ்சம்... கொஞ்சம் தெரியுதும்மா"ன்னேன். அம்மா ஒண்ணும் சொல்லல, விரலையும் விடல, 1.26க்கு நிலா முழுசா வெளிய வந்த பிறகுதான் எந்திரிச்சு தலைக்கு ஊத்திக்கப் போனாங்க.