குடல் கிருமிகள் பாடம்: இரண்டு பட்டியல்களைக் கிழித்துப் போட்ட கதை

முதுநிலை நுண்ணுயிரியல் இறுதித் தேர்வில் முதல் தடவை நான் தேறவில்லை. எழுத்துத் தேர்வில் குறையில்லை. செய்முறையும் வைவா என்ற வாய்மொழித் தேர்வும் காலை வாரிவிட்டன. இரண்டிலும் சறுக்கியது ஒரே பாடத்தில்தான்: குடல் தொற்றை உண்டாக்கும் புதிய பாக்டீரியாக்கள். அடுத்த ஆறு மாதம் எப்படி மாற்றிப் படித்தேன் என்பதை, இந்த ஆண்டு எழுதப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

செய்முறையில், வயிற்றுப்போக்கு நோயாளியின் மலத்திலிருந்து வளர்த்த கிருமி என்று இரண்டு தட்டுகள் தந்தார்கள். ஒன்று லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கலந்த மக்காங்கி அகார் ஊடகம், இன்னொன்று அது இல்லாத நியூட்ரியன்ட் அகார். மக்காங்கியில் இளஞ்சிவப்புக் காலனிகள், அதாவது லாக்டோஸை நொதிக்கும் கிருமிக் கூட்டங்கள். அங்கிருந்தே எடுத்து, ஆக்ஸிடேஸ் என்ற நொதி இருந்தால் கருநீலமாகும் ஆக்ஸிடேஸ் தாளில் தேய்த்தேன். நிறம் மாறவில்லை. அந்த நொதி இல்லாத ஈ.கோலை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். புறத்தேர்வாளர் ஒன்றும் பேசாமல், பல்குத்தும் குச்சியால் நியூட்ரியன்ட் அகாரிலிருந்து ஒரு காலனியைத் தொட்டு, அதே தாளில் வைத்தார். பத்து விநாடிக்குள் கருநீலம். அந்த நொதி உள்ள ஏரோமோனாஸ் கேவியே என்ற கிருமி அது.

லாக்டோஸ் நொதித்த இடத்தில் சேரும் அமிலம் ஆக்ஸிடேஸ் வினையைக் கெடுத்துவிடும். மக்காங்கியிலிருந்து எடுத்து அந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. காலனியை எடுக்க நிக்ரோம் என்ற உலோகக் கம்பியும் ஆகாது. அது இல்லாத நிறத்தை இருப்பதாகக் காட்டும். மரக்குச்சி போதும்.

வைவாவில் கேள்வி இன்னும் எளிது: "ஓ104:எச்4 ஈ.கோலை தொற்றுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுக்கலாமா?" அந்த ஈ.கோலை வகை எந்தெந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு அடங்காது என்ற பட்டியல் எனக்கு மனப்பாடம். சிப்ரோ அதில் இல்லை. கொடுக்கலாம் என்றேன். தேர்வாளர் மதிப்பெண் தாளை மூடிவிட்டார்.

நோயை உண்டாக்கும் திறனை ஒரு பட்டியலாகவும், மருந்தெதிர்ப்பை இன்னொரு பட்டியலாகவும் நான் படித்திருந்தேன். பாடநூல்கள் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கின்றன. அந்த இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு கிருமிக்கும் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: நோய்க்கோ எதிர்ப்புக்கோ காரணமான இந்த மரபணு எந்த வண்டியில் ஏறி, அதாவது எதன் மூலம், இந்தக் கிருமிக்குள் வந்தது?

2011-இல் வட ஜெர்மனியில் பரவிய அந்த ஓ104:எச்4-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்தது. கடைசியில் வெந்தய முளை என்று தெரிந்தது. வயிற்றுப்போக்குக்கு மோரில் வெந்தயம் போட்டுக் கொடுக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு இதை நம்பவே சிறிது நேரம் பிடித்தது. ஏறத்தாழ 3,800 பேர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 800-க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. குடல் சுவரில் செங்கல் அடுக்கியதுபோல் ஒட்டிக்கொள்ளும் ஒருவகை ஈ.கோலைக்குள் பாக்டீரியாவைத் தொற்றும் பேஜ் என்ற வைரஸ் நுழைந்து ஷிகா என்ற நச்சின் மரபணுவைக் கொடுத்திருந்தது. செபலோஸ்போரின் மருந்துகளை உடைக்கும் சிடிஎக்ஸ்-எம்-15 நொதியோ, கிருமிகளுக்கிடையே கைமாறும் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தில் வந்தது. நச்சுக்கு ஒரு வண்டி, எதிர்ப்புக்கு வேறொரு வண்டி.

சிப்ரோவுக்கான விடை முதல் வண்டியில் இருக்கிறது. அந்த மருந்து பாக்டீரியாவின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். உடனே எஸ்ஓஎஸ் என்ற அபாய மணி ஒலிக்கும். உறங்கிக் கிடந்த பேஜ் விழித்துப் பெருகும். அதோடு நச்சும் பெருகும். கிருமி மருந்துக்கு அடங்கினாலும் நோயாளிக்குக் கேடுதான்.

இதே மணிக்கு மருந்தெதிர்ப்பு வண்டியும் கிளம்பும் என்பதை ஓ139 என்ற காலராக் கிருமி வகையில் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். 1992 இறுதியில் சென்னையில் முதலில் தென்பட்ட கிருமி அது. பழைய ஓ1 காலராவால் வந்த எதிர்ப்பாற்றல் அதனிடம் பலிக்கவில்லை. பெரியவர்களே அதிகம் விழுந்தார்கள். சென்னையில் பிரித்தெடுத்த கிருமியில்தான் எஸ்எக்ஸ்டி என்ற நகரும் மரபணுத் துண்டைக் கண்டறிந்தார்கள். சல்ஃபாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம், குளோராம்ஃபெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய நான்குக்கும் எதிர்ப்பு அதில் இருக்கிறது. எஸ்ஓஎஸ் மணி அடித்தால் அது பக்கத்துக் கிருமிக்குத் தாவும் வேகம் கூடுகிறது.

கேம்பைலோபாக்டர் என்ற குடல் கிருமிக்கு வண்டியே வேண்டாம். சிப்ரோ தாக்கும் கைரேஸ் நொதியின் 86-ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் போய் ஐசோலூசின் வந்தால் போதும், சிப்ரோ பலிக்காது. கோழிகளுக்குக் கொடுத்த, சிப்ரோவின் உறவான என்ரோஃப்ளாக்சசினை அமெரிக்கா 2005-இல் விலக்கியது இதனால்தான். ஏரோமோனாஸ் பெரும்பாலும் ஆம்பிசிலினைப் பிறவியிலேயே மதிக்காது; அந்தத் திமிரையே சல்லடையாக்கி, ஆம்பிசிலின் கலந்த இரத்த அகாரில் அதைப் பிடிக்கிறோம். அதன் சில இனங்களின் குரோமோசோமில் கார்பபெனெம் என்ற மருந்துகளை உடைக்கும் நொதியும் உண்டு. மருந்து தோய்ந்த வட்டை அகாரில் வைத்துப் பார்க்கும் வழக்கமான சோதனையில் அது பெரும்பாலும் தப்பிவிடும். இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

யெர்சினியா, பிளீசியோமோனாஸ் என்ற கிருமிகள் இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் போதும். ஓ104, ஓ139 போன்ற ஓ-எண்களை நெட்டுருப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இரவு படுக்கும் முன் ஏதாவது ஒரு கிருமியை நடுவில் வரைந்து, அதற்குள் வந்து சேர்ந்தவற்றை அம்புக்குறியால் காட்டிப் பழகினேன். ஐந்து நிமிடத்தில் முடியாத படத்தை மறுநாள் திரும்பவும் வரைந்தேன்.

இரண்டாம் தடவை வைவாவில் வேறொருவர். ஓ/129 என்ற வேதிப்பொருள் தோய்ந்த வட்டால், காலராக் கிருமி அடங்கிய விப்ரியோ இனத்தையும் ஏரோமோனாஸையும் பிரிக்கலாமா என்று கேட்டார். முன்பு அதற்கு அடங்குவது விப்ரியோ, அடங்காதது ஏரோமோனாஸ் என்று பிரித்தோம், இப்போது நம்ப முடியாது என்றேன். ஏன் என்றார். ஓ/129 தாக்குவதும் டிரைமெத்தோபிரிம் தாக்கும் நொதியைத்தான். எஸ்எக்ஸ்டி ஏறிய விப்ரியோ இரண்டுக்கும் அசையாது என்று ஒரு கிருமியை வரைந்து அம்புக்குறி போட்டேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, யெர்சினியாவுக்குக் குளிர்ப் பெருக்கம் எத்தனை டிகிரியில்?" என்றார்.

நல்லவேளை, 4 டிகிரி என்பது அந்த ஒரு பக்கத்திலேயே இருந்தது.