கொருக்குப்பேட்டையைத் தேடிய மூன்று நாட்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் படிப்பகத்தின் உறுப்பினர் ஏடுகளை நான்கு பேர் பங்கு போட்டுத் தட்டச்சு செய்தோம். ஏட்டுக்கு ஒன்றாக 12 உரைக்கோப்புகள். வரிக்கு ஒருவர், பெயரும் முகவரியும். ஆண்டு விழாவுக்குப் பழைய உறுப்பினர்களை வீட்டுக்கே போய் அழைப்பது என்று முடிவானது. பகுதிவாரியாகப் பெயர்களைப் பிரித்துத் தரும் ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக இயக்கும் சிறு நிரல், எழுதும் வேலை என்னிடம் வந்தது.

முதல் சிக்கல் எங்கள் ஊர்ப் பெயரிலேயே. ஒருவர் ‘வண்ணாரப்பேட்டை’ என்று அடித்திருந்தார், இன்னொருவர் ஒற்றை விட்டுவிட்டு ‘வண்ணாரபேட்டை’ என்று. முன்னால் உள்ள குறி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்பதற்கு, தேடும் சொல்லின் வடிவத்தைச் சொல்லும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் கேள்விக்குறி போடுவார்கள். கோப்புகளில் தேடித் தரும் கிரெப் (grep) கட்டளையோடு பெரிய எழுத்தில் -ஈ (-E) சேர்த்து, ‘வண்ணாரப்?பேட்டை’ என்று கொடுத்தேன். ஒற்றில்லாத வரி ஒன்றுகூட வரவில்லை. நமக்கு ‘ப்’ ஓர் எழுத்து. கணினிக்கோ பகரம் ஒன்று, அதன் தலையில் உள்ள புள்ளி ஒன்று. கேள்விக்குறி புள்ளியை மட்டும் பிடித்துக்கொண்டது. ‘வண்ணார(ப்)?பேட்டை’ என்று மாற்றிய பிறகே இரண்டு வகையும் வந்தன. அந்த -ஈ இல்லாவிட்டால் கேள்விக்குறியையும் அடைப்புக்குறிகளையும் எழுத்தாக எண்ணித் தேடும். ராயபுரத்துக்கு ‘இ?ராயபுரம்’ போதுமானதாக இருந்தது.

பட்டியலைப் படிப்பகத்தின் மூத்தவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “தம்பி, கொருக்குப்பேட்டையில் 41 பேர்தானா? ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்து படித்தவர்கள் எத்தனை பேர்! எங்கேயோ விட்டிருக்கிறீர்கள்” என்றார்.

வீட்டுக்கு வந்து கோப்புகளைத் திறந்தேன். பெயர் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை. இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் இரவு இரண்டு கோப்புகளிலிருந்து ‘கொ’வை மட்டும் வெட்டியெடுத்து, கணினி சேமிக்கும் அலகான பைட்டுகளை எண்ணினேன். ஒன்றில் 6, மற்றொன்றில் 9.

எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ‘கொ’வின் ஒகரக் குறியை, எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. எங்களில் ஒருவருடைய விசைப்பலகை இரண்டாகப் பதிந்திருந்தது. கிரெப்பை எழுதிய கென் தாம்சன்தான் 1992-இல் ராப் பைக்குடன் சேர்ந்து யூடிஎஃப்-8 முறையையும் வகுத்தவர் என்று அன்றிரவு படித்தபோது, அந்தக் கருவிமேல் இருந்த கோபம் தணிந்தது. அது பைட் பிசகாமல் தன் வேலையைச் செய்திருக்கிறது.

ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே எழுத்துகளை மாற்றித் தரும் செட் (sed) கட்டளையால் ஒகர, ஓகாரக் குறிகளை ஒற்றைக் குறியாக்கிவிட்டு, ‘கொருக்கு(ப்)?பேட்டை’ என்று தேடினேன். 67 பேர்.

மூத்தவர் புதிதாக வந்த 26 பெயர்களையும் விரல் வைத்து வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இருவரும் கேட்டைத் தாண்டி நடந்தோம்.