பெட்ரோல் காய்ந்து எங்கே போகிறது?

ஆஃப்செட் பிரஸ்ஸில் கலர் மாற்றும்போது ரோலரையும், பேப்பரில் இங்க்கைப் பதிக்கிற ரப்பர் ஷீட்டான பிளாங்கெட்டையும் சுத்தமாகத் துடைக்க வேண்டும், கறுப்பு இங்க் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அடுத்து ஓட்டுகிற மஞ்சள் அழுக்காகிவிடும். நான் முதலில் வேலை பார்த்த பிரஸ்ஸில் கேனைப் பாதியாக வெட்டி, பெட்ரோலை ஊற்றி, பனியன் வேஸ்ட்டை முக்கித் துடைப்போம். மண்ணெண்ணெய் என்றால் பிசுபிசுப்பு நிற்கும், பெட்ரோல் துடைத்த கையோடு காய்ந்துவிடும், மெஷினை உடனே ஓட்டலாம். காய்ந்தது எங்கே போகிறது என்று யாரும் யோசித்ததில்லை.

ஒரு மழை நாள். சாரலில் பேப்பர் நனைந்துவிடும் என்று ஷட்டரை இறக்கிவிட்டு நாலு கலர் வேலை ஓட்டிக்கொண்டிருந்தோம். மூன்றாவது வாஷ், பெட்ரோல் கேன் மெஷின் காலடியில். பத்தடி தள்ளித் தரையில் கம்ப்ரசர். யாரும் எதையும் தொடவில்லை, டேங்கில் காற்று குறைந்ததும் கம்ப்ரசர் தானாக ஆன் ஆனது, அவ்வளவுதான். தரையோடு தரையாக நெருப்பு ஓடி வந்து கேனில் ஏறியது. கூட இருந்த தம்பி தண்ணீர் வாளியைத் தூக்க, மூத்த மெஷின்மேன் அண்ணன் "தண்ணி ஊத்தாதடா!" என்று கத்திக்கொண்டே மணல் வாளியைக் கவிழ்த்தார். தண்ணீர் ஊற்றியிருந்தால் பெட்ரோல் அதன் மேல் மிதந்து பேப்பர் அடுக்கு வரை தீயைக் கொண்டுபோயிருக்கும். தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே முழுக்கக் கொப்பளித்துவிட்டது. அந்தக் கால் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே பற்றுகிற அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையில்தான் படரும், மேலே சுற்றுகிற எக்ஸாஸ்ட் ஃபேனுக்குச் சிக்காது. காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே போதும், ஸ்விட்சுக்குள் தெறிக்கிற சின்னப் பொறி மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

சரி, மண்ணெண்ணெய்க்கு மாறிவிடலாமா? அதுவும் 38 டிகிரி வாக்கில் பற்றத் தயாராகிவிடும், அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சூடு சர்வசாதாரணம். துணியில் ஊறிவிட்டால் திரி மாதிரி, இன்னும் சுலபமாகப் பிடிக்கும். பிரஸ்ஸுக்கென்றே 60 டிகிரிக்கு மேல்தான் பற்றுகிற ரோலர் வாஷ் கிடைக்கிறது. விலை கூட, காயவும் நேரமாகும், முதலாளிகள் முகம் சுளிப்பது அதற்குத்தான். அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுங்கள் என்று நான் கெஞ்சியே கேட்டிருக்கிறேன்.

அப்புறம் துடைத்த துணி. இங்க்கில் உள்ள எண்ணெய் உலரும்போது சூடாகும், குவித்துப் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே தங்கி, ஆளில்லாத ராத்திரியில் தானாகவே புகைய ஆரம்பித்துவிடலாம். இப்போது நான் இருக்கும் இடத்தில் மூடி போட்ட தகர டின்னில்தான் போடுகிறோம், சாயங்காலம் ஷட்டர் இறக்குவதற்கு முன்னால் டின் வெளியே போய்விடும்.