உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று நாங்களும் பார்க்கலாமுங்களா?

போன தடவை திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளிகளோடு சங்கங்களின் சம்பளப் பேச்சுவார்த்தை நடந்த அன்றைக்கு நாங்கள் ஆறு பேர் எதிர்த்தாப்பல டீக்கடையில் நின்றிருந்தோம். நாலாவது டீக்குச் சொல்லும்போது எங்கள் சங்கத் தோழர் வெளியே வந்தார். "என்னாச்சுங்கண்ணா?" என்றால், "பேசிட்டிருக்கோம் கண்ணு, அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க" என்று வண்டியை எடுத்துவிட்டார். பீஸ் ரேட்டில் பவர் டேபிள் (தையல் மெஷின்) ஓட்டுகிறவனுக்கு அரை நாள் நின்றால் அரை நாள் காசு போச்சு.

அவரைக் குறை சொல்லவில்லை, நாலு மணி நேரம் நடந்ததை நடுரோட்டில் நின்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் பஞ்சப்படி, அதாவது விலைவாசிக்கு ஏற்ற படி, என்றதும் முதலாளிகள் பக்கம் நூல் விலையைச் சொன்னார்களா, ஆர்டர் இல்லை என்றார்களா, நம்மாட்கள் எந்த இடத்தில் இறங்கி வந்தார்கள், இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். இதே பஞ்சப்படிக்காகத்தான் 1984இல் திருப்பூரே 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அப்போது சாயங்காலக் கூட்டத்துக்குப் போனால்தான் சேதி என்பார் அப்பா. இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, ஒரு ஜூம் லிங்க் கொடுத்தால் என்ன? செக்கிங்கில் இருக்கும் அக்காமார்கள் டீக்கடைப் பக்கமே வர முடியாது, கம்பெனி வேனில் போகும்போதாவது பார்ப்பார்கள். தொழிலாளர் துறை சமரச அதிகாரி முன்னால் 12(3) ஒப்பந்தம் போட்டால் சங்கத்தில் இல்லாதவனையும் நாளைக்கு வேலைக்குச் சேருகிறவனையும்கூடக் கட்டும் என்றுதான் 1947 தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. எல்லாரையும் கட்டுகிறதை எல்லாரும் பார்க்க வேண்டாமா?

முதலாளிகள் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு கதை. அமெரிக்காவில் 2022இல் ஸ்டார்பக்ஸ் காபிக்கடைத் தொழிலாளர்கள் சிலர் பேச்சுவார்த்தையில் ஜூம் வழியாகச் சேர்ந்தார்கள் என்று கம்பெனி வக்கீல்கள் எழுந்தே போய்விட்டார்கள், ரெக்கார்டு செய்து பரப்பிவிடுவார்களாம். அதே நாட்டில் புளோரிடாவில் அரசு ஊழியர்களின் பேச்சுவார்த்தையை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், சட்டமே அப்படி.

எனக்குப் பயம் நம்மாட்கள் மேல்தான். ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்றால் ஒவ்வொரு சங்கமும் தன் ஆட்களுக்காகக் குரலை உயர்த்தும், எட்டணா இறங்கினாலும் துரோகி என்பார்கள். சரி, இரண்டு தரப்பும் தனித்தனியாகக் கலந்து பேசும் நேரத்தைக் காட்ட வேண்டாம், அந்த அறைக்குள் கேமரா எதற்கு? மற்றபடி மைக்கை அடைத்துவிட்டு, ரெக்கார்டு செய்யாமல் சும்மா பார்க்கிறோம்.

தோழரிடம் கேட்டேன். "யோசிக்கலாம் கண்ணு, மொதல்ல எல்லாரும் சந்தாவைக் கட்டுங்க" என்றார். எனக்கும் இரண்டு மாதம் பாக்கி.