கால் உயர, தலை தாழ 42 நாள்

சூலூர்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ராக்கெட் போவது தெரியும். 2023 ஜூலை 14, மதியம் 2.35க்குச் சந்திரயான்-3 கிளம்பியபோது தெருவே மாடியில் நின்றது. நான் ஆஸ்பத்திரியில், ஜன்னல் அதிர்வதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

தடா பக்கம் பைக் சறுக்கி, இடுப்புக் கிண்ண எலும்பில் முறிவு. ஆபரேஷன் வேண்டாம், 6 வாரம் டிராக்‌ஷன் என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கீழே கம்பி போட்டு, கப்பி வழியாக எடை தொங்கவிட்டார்கள். எடை ஆளையே இழுத்துக்கொண்டு போகாமலிருக்க, கால்மாட்டில் 9 அங்குல மரக்கட்டை கொடுத்துக் கட்டிலை உயர்த்தினார்கள்.

முதல் இரண்டு நாள் முகம் உப்பிப்போய், மூக்கு அடைத்தே கிடந்தது. சிறுநீரோ போய்க்கொண்டே இருந்தது. டிரிப்ஸ் ஏற்றியதால் என்று நினைத்தேன். திருப்பதியில் பிசியோதெரபி படிக்கும் அக்கா மகள் வந்து கட்டிலைப் பார்த்ததும், "மாமா, விண்வெளிக்குப் போகிறவர்களின் உடம்பு என்ன ஆகும் என்று பார்க்க ஆட்களை இப்படித்தான் படுக்க வைப்பார்கள், தலை 6 டிகிரி தாழ" என்றாள். ஆறரை அடிக் கட்டில், 9 அங்குலக் கட்டை. கணக்குப் போட்டேன், ஆறரை டிகிரி வந்தது!

அவள் விளக்கியது இது. நிற்கும்போது காலில் தங்கும் ரத்தம், தலை தாழப் படுத்தால் நெஞ்சுக்கு ஏறிவிடும். இதய அறைகள் விரியும். உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகம் வெளியேற்றும். சில நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பத்தில் ஒரு பங்குக்கு மேல்கூடக் குறையும். அமெரிக்காவில் 1980களில் 30 நாள் படுக்க வைத்துச் செய்த சோதனையில், படுத்தபடியே சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்த நீர் குறையவில்லையாம். ஆனால் எழுந்து நிற்கும்போது மயங்காமல் தாக்குப்பிடிக்கும் திறன் அவர்களுக்கும் குறைந்திருந்தது. இந்த இரண்டாவது விஷயத்தை அன்று நான் காதில் வாங்கவே இல்லை.

எனக்குச் சைக்கிள் ஏது? நல்ல காலால் மெத்தையை மிதித்துத் தள்ளுவேன். இரண்டு கணுக்காலையும் மேலும் கீழும் ஆட்டுவேன். தலைக்கு மேலே தொங்கும் பிடியைப் பற்றி உடம்பைத் தூக்குவேன். காலையிலும் மாலையிலும் வேர்க்கும்வரை. வேர்த்தது வீணாகாதபடி, "நீள்ளு தாகண்டி அண்ணா" (தண்ணீர் குடியுங்கள் அண்ணா) என்று தெலுங்கில் சொல்லி நர்ஸம்மா சொம்போடு வந்து நிற்பார். இந்த உழைப்பை நான் மனதார நம்பினேன். தொடை மெலிந்தாலும் கை மெலியவில்லை, பசி எடுத்தது, தூக்கம் வந்தது.

42ஆம் நாள் கம்பியை எடுத்தார்கள். இவ்வளவு பயிற்சி செய்தவன் நிற்க மாட்டேனா என்று, உட்கார்ந்த அடுத்த நிமிடமே வாக்கரைப் பிடித்து எழுந்தேன். காது அடைத்தது, கண் இருண்டது. நர்ஸம்மா தாங்கிப் படுக்க வைத்து அளந்தபோது பிரஷரின் மேல் எண்ணே 80தான்.

அதன்பிறகு அக்கா மகள் சொன்னபடியே நடந்தேன். விண்வெளியிலிருந்து இறங்கும் முன் உப்பு மாத்திரையும் ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீரும் எடுத்துக்கொள்வார்களாம். எனக்குப் பிரஷர் வியாதி இல்லாததால், உப்புப் போட்ட மோருக்கு டாக்டர் சம்மதித்தார். மோர் குடித்து அரை மணி கழித்து, முதலில் தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்து உட்கார்வேன். பிறகு காலைத் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் கணுக்காலை ஆட்டுவேன். கடைசியில்தான் எழுந்திருப்பது. "மெல்லகா, மெல்லகா" என்பார் நர்ஸம்மா.

நாலாம் நாள், அடிபட்ட காலை ஊன்றாமல், ஜன்னல் வரை போனேன். கண் இருட்டவில்லை.