செவ்வந்திச் சட்டிகளின் மாதம்

பிரான்சில் ஒக்டோபர் கடைசி வாரம் எந்தக் கடை வாசலிலும் செவ்வந்திச் சட்டிகள்தான். வந்த புதிதில் எங்கள் ஊர் அண்ணா ஒருவர் சொல்லிவைத்தார்: “விருந்துக்குப் போகேக்க இந்தப் பூவைக் கொண்டு போயிடாதை, இது செத்த ஆக்களுக்கு.” யாழ்ப்பாணத்தில் வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படத்துக்கு வைக்கிற பூ.

நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள். இறந்த ஆன்மாக்களுக்கு உரியது மறுநாள்தான் என்றாலும், விடுமுறை முதல் நாளில் வருவதால் சனம் அன்றைக்கே சேமக்காலைக்கு, அதாவது கல்லறைத் தோட்டத்துக்கு, போய்விடும். அந்த இரண்டாம் நாளை வழக்கமாக்கியவர், சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன், பிரான்சின் குளூனி மடத்துத் தலைவராக இருந்த ஒடிலோ. இறந்தபின் பாவம் கழுவப்படும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தில் தவிக்கும் ஆன்மாக்களுக்கு, உயிரோடு இருப்பவர்களின் செபமும் தானமும் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை.

சைவ வீட்டில் வளர்ந்த எனக்கு இது சட்டென்று விளங்கியது. எள்ளும் தண்ணீரும் இறைப்பதும் அதே நம்பிக்கையில்தானே. தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பூரணை. கீரிமலைக் கேணியில் முழுகி, பிதிர்க்கடன் முடித்து வீடு வந்தால், அம்மா காத்தோட்டிக்காய்க் கறி வைத்திருப்பா. நல்ல கசப்பு. ஆனாலும் அன்றைக்கு அது இல்லாமல் படையல் இல்லை. காகத்துக்கு வைத்த சோற்றைக் காகம் எடுக்கும்வரை வீட்டில் ஒருவரும் கை நனைக்க மாட்டார்கள். பிறகு போர்க்காலத்தில் கீரிமலை இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், அங்கே கால் வைக்க முடியாத வருடங்களும் வந்தன.

அப்பா செத்தபோது என்னிடம் விசா இல்லை. எட்டுச்செலவு, அந்தியேட்டி என்ற இறுதிச் சடங்குகள் எல்லாம் தொலைபேசியில் கேட்டதுதான்.

அந்த நவம்பரில் பக்கத்து வீட்டு அம்மாவின் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு சேமக்காலைக்குக் கூடப் போனேன். அவ வாளியில் தண்ணீர் எடுத்து, தூரிகையால் கணவரின் கல்லில் இருந்த பாசியை எழுத்து எழுத்தாக உரசினா. உரசிக்கொண்டே வீட்டு ஹீட்டர் பழுதான கதையை அவருக்குச் சொன்னா. அழுகை இல்லை. சுற்றிவர எத்தனையோ குடும்பங்கள், குழந்தைகள். இறந்தவர்களோடு கதைப்பதற்கென்று நாட்டுக்கே ஒரு நாள் லீவு விட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்திய இரவு வரும் ஹலோவீனை வெறும் பேய் வேஷம் என்று நம்மவர் பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன் வேர் அயர்லாந்தின் சவின் திருநாள். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் இரு உலகங்களுக்கும் இடையில் வாசல் திறக்கும் என்று நம்பினார்கள். அங்கே ஹலோவீன் விளக்குக்கு முகம் செதுக்கியது டேர்னிப் கிழங்கில். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபின்தான் அது பூசணி ஆனது.

அப்பாவின் சாம்பல் கீரிமலைக் கடலில் கரைந்தது. எனக்குக் கழுவ ஒரு கல் இல்லை. போரில் இறந்த போராளிகளைப் புதைத்த கோப்பாய்த் துயிலும் இல்லம் இடிக்கப்பட்டபின் பிள்ளையின் கல்லறையையே இழந்த தாய்மார் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை நினைக்காமல் எனக்கு நவம்பர் போவதில்லை. இதைச் சொன்னபோது அந்த அம்மா என்னைச் சேமக்காலை நடுவில் நிற்கும் பெரிய சிலுவையடிக்குக் கூட்டிப்போனா. தூரத்தில் புதைக்கப்பட்டவர்களுக்கும், கல்லறை இல்லாதவர்களுக்கும் அங்கே பூ வைப்பார்களாம். ஏற்கெனவே நிறையச் சட்டிகள் இருந்தன.

இப்போது ஆடியில் விரதம், நவம்பரில் அங்கே ஒரு சட்டி. “சைவப் பிள்ளை சிலுவையடியில் பூ வைக்கிறதோ?” என்று மாமா ஒருவர் கேட்டார். அப்பா வருடாவருடம் பாசையூருக்குச் சைக்கிளில் போய், தன் கூட்டாளியின் தாயின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தவர் என்று சொன்னேன்.