நெல்மணி அளவு ஊசி

பினாங்கின் பத்து மாவுங் கரையில் இன்று காலை மூன்றாவது வீச்சிலேயே மீன்பிடி ரீல் முரண்டு பிடித்தது. கைப்பிடி சுற்றுகிறது. ஆனால் தூண்டில் நரம்பை இடமும் வலமுமாக நடத்தும் வழிகாட்டி ஓர் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

சரி என்று வீட்டுக்கு வந்து, மேசையில் பழைய நாளிதழை விரித்தேன். கழற்றக் கழற்றக் கைப்பேசியில் ஒவ்வொரு படமாக எடுத்துக்கொண்டேன். திரும்பப் பூட்டும்போது அதுதான் துணை.

உள்ளே ஒரு திருகுத் தண்டு. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு பள்ளங்கள். அதில் ஓடும் குட்டி ஊசிதான் ஓரத்தைத் தொட்டதும் தானாகத் திரும்பி வர வேண்டும்.

"ப்பா, நெல்லு மாதிரி இருக்கே!" என்று மகள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறை போன்ற அதன் நுனி மழுங்கியிருந்தது. பள்ளம் முழுக்க உப்பும் பழைய கிரீசும் பச்சையாகக் கட்டியிருந்தன.

பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். பேரிங்குகளை ஆல்கஹாலில் ஊறவைத்து, காய்ந்த பிறகு ஆளுக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். பற்சக்கரங்களுக்கு மட்டும் கிரீஸ், அதுவும் தோசைக்கல்லில் தடவுவது போல. பேரிங்கில் கிரீஸ் போட்டால் வீச்சின் தூரம் குறைந்துவிடும்.

கடல்நீர் பட்ட ரீலைத் தயவுசெய்து வேகமான குழாய் நீரில் பிடிக்காதீர்கள், உப்பு உள்ளே போய்விடும். மெல்லத் தெளித்துத் துடைத்தால் போதும். அப்புறம், டிராகை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விடும் பிரேக்கை, தளர்த்தி வையுங்கள்.

புது ஊசி மாட்டிச் சுற்றினேன். வழிகாட்டி ஓரம் வரை போய்த் திரும்பி வந்தது. மகள் கைதட்டினாள்.

ஞாயிறு விடியலில் தெலுக் பகாங் கரை. அவளும் வருகிறாளாம்.